தலைக்கு ஒரு தொப்பி

உயரத்திலிருந்து நழுவும் பொருள்கள் கீழ்நோக்கியே விழும் என்பதை அரசாங்கம் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்ட ஆண்டு அது.

அதற்கு முன்பும் அவை கீழ்நோக்கித்தான் விழுந்துகொண்டிருந்தன. ஆனால் குழு அமைக்காமல், கூட்டம் போடாமல், கறிபாப் பலகாரம் தின்று தீர்மானம் நிறைவேற்றாமல், தம் போக்கில் விழுந்துகொண்டிருந்தன. ஆகவே முறைப்படி அவை விழுந்ததாகச் சொல்ல முடியாது. இந்தக் குறையைப் போக்க 'கட்டுமானப் பாதுகாப்புப் பயிற்சி மேம்பாட்டு உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டது. விழுவது உயரத்திலிருந்து என்பதால் உயர்மட்டம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசிய நாடே கிழக்கு நோக்கிப் பார்க்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். கிழக்கு என்றால் ஜப்பான். கோலசிலாங்கூரில் நின்று கிழக்கே பார்த்தால் எண்ணெய்ப்பனைதான் தெரியும். இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் அசாம் ஜாவா சந்திப்பும் அங்கே ஒரு ரொட்டி சானாய்க் கடையும் தெரியும். ஜப்பான் தெரியாது. ஆனாலும் பார்த்தோம். பார்க்கச் சொன்னால் பார்ப்பதுதானே நல்ல குடிமக்களுக்கு அழகு.

அசாம் ஜாவாவுக்குப் பக்கத்தில் அரசாங்க ஊழியர்களுக்கு நாலு மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. சுற்று வட்டாரத் தோட்டங்களின் லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் காலையில் லோரியில் வந்து இறங்குவார்கள். நான் அங்கே ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதுகிற குமாஸ்தா. பெயர் சேது. ஆணிக்கும் கயிற்றுக்கும் சிமெண்டு மூட்டைக்கும் வாய் கிடையாது என்பதால் என் வேலை நிம்மதியான வேலை.

ஆட்களைச் சேர்த்துக் கொண்டுவந்து மேய்க்கிறவர் செல்லமுத்து அண்ணன். அவர்தான் எங்கள் கெப்பாலா. கெப்பாலா என்றால் மலாயில் தலை. தோட்டத்தில் கங்காணியை மண்டோர் என்பது மாதிரி, கட்டுமான வேலையில் ஆட்களுக்குத் தலைவனாக இருப்பவனையும் கெப்பாலா என்றுதான் சொல்வார்கள். இந்த ஒரு சொல்லை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தளத்தில் சிமெண்டைவிட அதிகமாகச் செலவானது இதுதான்.

உயர்மட்டக் குழு பிறப்பதற்கு முன்னால் பாதுகாப்புப் பயிற்சியும் செல்லமுத்து அண்ணன் கையில்தான் இருந்தது. புதிதாக வருகிற ஆளை நிறுத்தி வைத்துச் சொல்வார்.

"இந்தா பாரு. மேல இருந்து எது நழுவுனாலும், நழுவ விட்டவன் 'தலை'ன்னு கத்துவான். 'தலை'ன்னு காதுல விழுந்துச்சா, யாரு, எவரு, எதுக்குன்னு கேட்டுக்கிட்டு நிக்காத. குனிஞ்சு செவுத்தோட ஒட்டிக்க. வெளங்குச்சா?"

"வெளங்குச்சுண்ணே."

"போ, மணல் அள்ளு."

பயிற்சி அத்தோடு முடிந்தது. கையேடு கிடையாது, சான்றிதழ் கிடையாது, கறிபாப் கிடையாது. இப்படிப்பட்ட பயிற்சியில் படித்தவர்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்? தளத்தில் டைகர் என்று ஒரு நாய் திரிந்துகொண்டிருந்தது. அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டது. 'தலை' என்ற சத்தம் கேட்டால் வாலைச் சுருட்டிக்கொண்டு சிமெண்டுக் கொட்டகைக்குள் ஓடிவிடும். ஒரு நாய்க்கே விளங்கிவிடுகிற பாடத்தை மனிதர்களுக்கு நடத்துவது கேவலம் இல்லையா?

எல்லாம் ஒரு ஸ்பேனரில் ஆரம்பித்தது. சாரத்தின் உச்சியில் வேலை செய்கிறவன் வாசு. நல்ல பையன்தான், ஆனால் அவன் கையில் எதுவும் தங்காது. சம்பளமும் தங்காது, ஸ்பேனரும் தங்காது. ஒருநாள் அது நழுவியது.

"தலை!"

கீழே கலவை போட்டுக்கொண்டிருந்த அம்சவள்ளி அப்படியே குனிந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தளத்தில் அவளைப் போல வேகமாகக் குனிகிறவர்கள் யாரும் இல்லை. ஸ்பேனர் அவளுடைய கலவைச் சட்டியில் விழுந்து 'ணங்' என்றது. அடுத்த நிமிஷம் அந்த ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு எஞ்சினியர் அறைக்குள் நுழைந்தாள். நானும் பின்னாலேயே போனேன். ஸ்பேனர் ஸ்டோர் சாமான், எனக்குப் பொறுப்பு உண்டு.

எஞ்சினியர் அம்பிகைபாகன் யாழ்ப்பாண வம்சம். தாத்தா ரயில்வேயில் கிராணி, அப்பா தோட்டத்தில் பெரிய கிராணி, இவர் லண்டனில் படித்துப் பட்டம் வாங்கியவர். தலைமுறை தலைமுறையாக ஒரு பைல்கூடத் தொலையாத குடும்பம். சாதுவான மனிதர். ஸ்பேனரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, அடுத்த மாசம் நாலாவது மாடி ஏத்துறாங்க. அடியில நின்னு கலவை போடுறது நானு. இன்னிக்குக் குனிஞ்சு தப்பிச்சேன். நெதம் தப்ப முடியுமா? எனக்கு ஒரு தொப்பி குடுங்க. இல்லாட்டி வாசு கைய கட்டிப் போடுங்க. ரெண்டுல ஒண்ணு."

"ஓம் அம்மா, உங்கட கோரிக்கை நியாயமானது. இண்டைக்கே மேலிடத்துக்கு அறிவிக்கிறன்."

அறிவித்தார். ஒரு பெண்பிள்ளைக்கு ஒரு தொப்பி வேண்டும் என்பதுதான் செய்தி. அது போன இடமெல்லாம் வளர்ந்து, பாதுகாப்புப் பயிற்சியை அடியோடு மேம்படுத்த வேண்டும் என்கிற நிலைக்கு வந்து, கடைசியில் ஒரு டட்சன் காரில் ஏறிக்கொண்டு எங்கள் தளத்துக்கே வந்து இறங்கியது. காரை ஓட்டி வந்தவர் பயிற்சி மேம்பாட்டு அதிகாரி சிவானந்தம்.

சிவானந்தம் ஜப்பான் போய் வந்தவர். இரண்டு வாரம்தான் இருந்தார் என்று பொறாமைக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் அவருக்கு இடுப்பு வளையக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். காரை விட்டு இறங்கியதும் எஞ்சினியரைப் பார்த்து வளைந்தார், செல்லமுத்து அண்ணனைப் பார்த்து வளைந்தார், மணல் குவியலைப் பார்த்தும் பழக்கதோஷத்தில் வளைந்தார்.

"சார் என்னமோ கீழ போட்டுட்டாரு போல லா," என்றாள் அம்சவள்ளி. "யாராச்சும் தேடிக் குடுங்க."

அவளுடைய கண் காரின் பின்பக்கத்தில் இருந்தது. பெட்டி பெட்டியாகத் தொப்பிகள், வெள்ளை வெளேரென்று. தளத்தில் இருந்த எல்லோருக்கும் போட்டு மிச்சம் வரும். அம்சவள்ளியின் முகத்தில் தீபாவளி வந்துவிட்டது.

தொப்பிகளோடு ஒரு பதாகையும் வந்தது. உயர்மட்டக் குழு பல கூட்டங்கள் போட்டுக் கண்டுபிடித்த வாசகம் அதில் மலாயில் கொட்டை எழுத்தில் இருந்தது. 'சத்து கெப்பாலா, சத்து தோப்பி.' நம் மொழியில் சொன்னால், தலைக்கு ஒரு தொப்பி. இதில் என்ன சிக்கல் வரும் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் அரசாங்கத்தில் வேலை பார்த்தவர் இல்லை என்று தெரிகிறது.

சிவானந்தம் வரிசையாக நிற்கச் சொன்னார். எஞ்சினியருக்கு ஒரு தொப்பி, ஒரு வளைவு. செல்லமுத்து அண்ணனுக்கு ஒரு தொப்பி, ஒரு வளைவு. தனக்கு ஒன்று. பிறகு பெட்டிகளை மூடி என்னிடம் கொடுத்தார்.

"ஸ்டோரில் வைத்துப் பூட்டுங்கள்."

"சார், எனக்கு?" என்றாள் அம்சவள்ளி.

"நீங்கள் கெப்பாலாவா?"

"இல்லீங்க. அவருதான்."

"அப்படியென்றால் உங்களுக்குக் கெப்பாலா இல்லை. வாசகத்தைப் பாருங்கள். கெப்பாலா ஒன்றுக்குத் தொப்பி ஒன்று."

"அப்ப என் கழுத்துக்கு மேல இருக்கிறது என்னாங்க சார்? பூசணிக்காயா?"

சிவானந்தம் கோபித்துக்கொள்ளவில்லை. ஜப்பானில் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"அது உடலுறுப்பு. உடலுறுப்பு சுகாதார இலாகாவைச் சேர்ந்தது. நாங்கள் பொறுப்பேற்பது பதவிக்கு."

அம்பிகைபாகன் தொண்டையைச் செருமினார். "மிஸ்டர் சிவானந்தம், மேலேயிருந்து விழுற கல்லுக்குப் பதவி தெரியுமோ?"

"தெரியாதுதான். அதனால்தான் தொப்பிக்கு வெள்ளை நிறம் கொடுத்திருக்கிறோம். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்."

இந்தப் பதிலில் ஏதோ ஓர் ஓட்டை இருக்கிறது என்று எல்லோருக்கும் பட்டது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் அவர் தலைமையகத்துக்குப் போன் போட்டுவிட்டார். வாசகத்தில் உள்ளபடி செய்யவும் என்று தலைமையகம் சொன்னது. வாசகம் எப்படி உள்ளது என்று கேட்டதற்கு, மிக நன்றாக உள்ளது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து என் ஸ்டோருக்கு முன்னால் இதே பேச்சுதான். "அண்ணே, தொப்பி இருக்கா?" என்று கேட்பார்கள். "தொப்பி நெறைய இருக்கு. தலைதான் பத்தல," என்பேன்.

பயிற்சி ஜாம் ஜாமென்று நடந்தது. காலையில் வானொலிப் பெட்டியை வைத்து ஜப்பானிய உடற்பயிற்சி. லயத்தில் கோழி கூவும் முன்பே எழுந்து சோறாக்கி, லோரியில் நின்றுகொண்டே குலுங்கி வந்த பெண்களுக்கு, உடம்பு அசைய வேண்டியதன் அவசியம் விளக்கப்பட்டது. பிறகு கூடாரத்துக்குள் வகுப்பு. தொப்பியின் வரலாறு, தொப்பியின் பாகங்கள், தொப்பி அணியும் முறை. தொப்பி இல்லாதவர்கள் வெறும் கையைக் குவித்துக் கற்பனைத் தொப்பி ஒன்றை எடுத்து, கற்பனை நாடாவை முகவாயில் கட்டிக்கொள்ள வேண்டும். வாசு கற்பனைத் தொப்பியையும் கீழே போட்டுவிட்டதாக அவனுக்கு மதிப்பெண் குறைத்தார்கள்.

எஞ்சினியர்களுக்குத் தனிப் பயிற்சி, கோலாலம்பூரில், குளிர்சாதன அறையில். அம்பிகைபாகன் போய்விட்டுத் திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

"என்ன ஐயா படிச்சீங்க?" என்றேன்.

"விபத்து எண்ட சொல்லைப் பாவிக்கக் கூடாதாம். ஸ்பேனர் விழுந்தால், 'கருவி ஒன்று முன்னறிவிப்பின்றிக் கீழ்த்தளத்துக்கு மாற்றலாகியுள்ளது' எண்டு எழுத வேணுமாம்."

"ஆள் மேல விழுந்தா?"

"மாற்றலாகி வந்த கருவி பணியில் சேர்ந்துவிட்டது எண்டு எழுதலாம்."

இதற்கிடையில் அம்சவள்ளி கலவைச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தாள். அங்கீகரிக்கப்படாத தலைக்கவசம் அணிந்த குற்றத்துக்காக அவளைக் கூடாரத்துக்கு அழைத்து, மீண்டும் ஒருமுறை கற்பனைத் தொப்பி அணியச் செய்தார்கள். நாலாவது மாடி ஏற ஆரம்பித்துவிட்டது. மேலே வாசு, கீழே அவள். அவள் வாய் பேசினாலும் கண் நிமிஷத்துக்கு ஒருதரம் மேலே போய் வந்தது. பயந்துதான் இருந்தாள். எனக்கும் பார்க்கப் பாவமாக இருந்தது. சாவி என் இடுப்பில்தான் இருந்தது, ஆனால் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கிராணி என்ன செய்துவிட முடியும்?

வழி கண்டுபிடித்தவர் செல்லமுத்து அண்ணன். கோப்பி ஓ குடித்துக்கொண்டிருக்கும்போது அது அவருக்குத் தோன்றியது.

"தொப்பிக்குத் தலை வேணும்னா, தலைய உண்டாக்கிட்டாப் போச்சு. எல்லாரையும் கெப்பாலா ஆக்கிருவோம்."

"எல்லாரும் தலைவர்னா வேலை யாருண்ணே செய்யிறது?" என்றேன்.

"நம்ம ஊரு கோயில் கமிட்டிய பாத்ததில்ல நீ? தலைவரு, துணைத் தலைவரு, உதவித் தலைவரு, கௌரவத் தலைவரு, ஆலோசனைத் தலைவரு. எல்லாரும் தலைவருதான். திருவிழா நடக்காமலா போச்சு?"

அம்பிகைபாகன் விதிகளை எல்லாம் புரட்டிப் பார்த்தார். ஒரு தளத்தில் இத்தனை கெப்பாலாதான் இருக்கலாம் என்று எங்கேயும் சொல்லப்படவில்லை. சிவானந்தம் முதலில் தயங்கினார். ஆனால் பூட்டிக் கிடக்கும் தொப்பிகளை ஏன் இன்னும் விநியோகிக்கவில்லை என்று தலைமையகம் கேட்க ஆரம்பித்திருந்ததால், தலைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது தொலைநோக்குத் திட்டம் என்று ஒப்புக்கொண்டார்.

அப்படியே ஆளுக்கொரு பதவி. மணல் அள்ளுகிறவர் மணல் தலைவர். கயிறு இழுப்பவர் கயிற்றுத் தலைவர். கோப்பி கலக்கும் அம்மா பானத் தலைவர். வாசு மேல்மாடித் தலைவர். என்னைச் சும்மா விடுவார்களா, பொருட்கிடங்குத் தலைவர். அம்சவள்ளி முறை வந்தபோது மட்டும் ஒரு தடங்கல். கலவைத் தலைவி என்று எழுதினார்கள். தலைவிக்குத் தலைவருடைய தொப்பி பொருந்துமா என்று சிவானந்தம் மறுபடியும் போன் போட்டார். மலாயில் கெப்பாலா என்ற சொல்லுக்கு ஆண் பெண் கிடையாது என்று தலைமையகம் பெருந்தன்மையோடு தெரிவித்தது.

அப்போது நெஞ்சில் பெயர்ப்பட்டை குத்திக்கொள்வது நாடு முழுக்க நாகரிகமாக இருந்தது. எங்கள் தளத்திலும் எல்லோருக்கும் குத்திவிட்டார்கள். பெயர் மேலே சின்னதாக, பதவி கீழே பெரிதாக.

அம்சவள்ளி தொப்பியை வாங்கி இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். மாட்டிக்கொண்டாள். அப்புறம் சுவரோரம் போய் நின்றுகொண்டு, "டேய் வாசு, சின்னக் கல்லா பாத்து ஒண்ணு போடு," என்றாள். கல் விழுந்தது. 'டொக்.' அவள் சிரித்த சிரிப்பில் தளமே சிரித்தது. தன் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த எஞ்சினியர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்கும் மனசு நிறைந்துதான் போனது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் தொப்பி தலைமேல் உட்கார்ந்ததும் பதவி தலைக்கு ஏறிவிட்டது.

"அம்சவள்ளி, அந்த மணல இப்படி ஒரு சட்டி தள்ளு," என்றார் செல்லமுத்து அண்ணன் மறுநாள்.

"மணல் என் இலாகா இல்லண்ணே. மணல் தலைவர்கிட்ட பேசுங்க."

மணல் தலைவர் பானத் தலைவரோடு கலந்தாலோசனையில் இருந்தார். கயிற்றுத் தலைவர், மேல்மாடித் தலைவர் தன்னை மரியாதையாக அழைக்கும்வரை வாளியை மேலே இழுக்க முடியாது என்றார். நானும் சும்மா சொல்லக் கூடாது, ஆணி கேட்டு வந்தவர்களை ஸ்டோர் வாசலில் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஒருவரை ஒருவர் 'தலைவரே' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. நாள் முழுக்க அப்படிக் கூப்பிட்டு வாய் வலிக்கவே, 'தலை' என்று சுருக்கிக்கொண்டார்கள். "என்ன தலை, பசியாறியாச்சா?" "வாங்க தலை." "தலை, ஒரு சிகரெட்டு இருக்கா?" காலையில் லோரியை விட்டு இறங்கியதிலிருந்து மாலையில் ஏறும்வரை தளம் முழுக்கத் தலை, தலை, தலை. டைகர்தான் பாவம். ஒவ்வொரு 'தலை'க்கும் கொட்டகைக்குள் ஓடி, வெளியே வந்து, மறுபடியும் ஓடி, விலா எலும்பு தெரியும்படி இளைத்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் தளத்தின் சாதனை மாநிலத் தலைநகர் ஷா ஆலம் வரை எட்டியது. காயமடைந்த தொழிலாளர் எத்தனை பேர் என்று தலைமையகம் கேட்டிருந்தது. சிவானந்தம் நேர்மையான மனிதர். ஒருவரும் இல்லை என்று தெரிவித்தார். தளத்தில் தொழிலாளர் என்று ஒருவருமே இல்லாதபோது காயம் எப்படி வரும்? நாட்டிலேயே முழுப் பாதுகாப்பு அடைந்த ஒரே கட்டுமானத் தளம் எங்களுடையது என்று முடிவாகி, கேடயம் கொடுக்கத் தலைமை இயக்குநரே நேரில் வருவதாக ஏற்பாடாயிற்று.

விழா நாளில் கட்டடத்தின் அடியிலேயே மேடை. தஞ்சோங் காராங்கிலிருந்து நாதஸ்வரக்காரர்கள் வந்தார்கள். தலைமை இயக்குநர் வெள்ளைத் தொப்பியோடு நடுவில் உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் பக்கத்தில் சிவானந்தம். அந்தப் பக்கம் அம்பிகைபாகன். எதிரே வரிசையாக நாங்கள், அத்தனை பேரும் தலைவர்கள், அத்தனை பேரும் தொப்பியோடு. அம்சவள்ளி முன்வரிசையில், கனகாம்பரத்தைத் தொப்பிக்கு வெளியே தெரியும்படி இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். டைகர் அவள் காலடியில் படுத்திருந்தது.

மேலே சாரத்தில் வாசு, பதாகையின் ஒரு முனையைக் கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில், சுவருக்கு அடிக்கக் கரைத்து வைத்த மஞ்சள் சாயம், பெரிய வாளி நிறைய. அரசாங்கக் குடியிருப்புகளுக்கென்றே இருக்கிற அந்த மஞ்சள் உங்களுக்குத் தெரியும். வாசுவின் முழங்கை வாளியில் பட்டது. வாளி சரிந்தது. ஒரு கையால் அதன் விளிம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டே அடித்தொண்டையிலிருந்து கத்தினான்.

"தலை!"

டைகர் எழுந்து கொட்டகைக்குள் ஓடிவிட்டது.

நாங்கள் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி, முகத்தைத் தூக்கி, சிரித்தோம்.

"தலை! தலை!" வாசுவுக்குக் கை நழுவிக்கொண்டிருந்தது.

"இருப்பா, விழா முடியட்டும், பேசிக்கலாம்," என்று செல்லமுத்து அண்ணன் மேலே பார்த்துக் கையை ஆட்டினார். மணல் தலைவர் தன்னைத்தான் அழைக்கிறான் என்று ஓரடி முன்னால் வந்தார். அம்சவள்ளி இரண்டு கையையும் கூப்பி மேலே ஒரு கும்பிடு போட்டாள்.

தலைமை இயக்குநர் சிவானந்தத்தின் பக்கம் சாய்ந்து, அந்த இளைஞர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். சிவானந்தம் வளைந்து, அடக்கமாக மலாயில் மொழிபெயர்த்தார்.

"கெப்பாலா, துவான்."

தலைமை இயக்குநர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, புன்னகையோடு மேலே அண்ணாந்து பார்த்தார். இத்தனை நாள் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்த இலாகா அன்றைக்கு முதல்முறையாக மேலே பார்த்தது. அந்த நேரத்தில் வாசுவின் கை விட்டது.

நம் வீடுகளில் மஞ்சள் நீராட்டு பெண்களுக்குத்தான் நடக்கும். அன்றைக்கு ஆண், பெண், அதிகாரி, எஞ்சினியர், கிராணி என்ற பேதம் இல்லாமல் நடந்தது. வாளி சாரத்திலேயே மாட்டிக்கொண்டு தொங்கியதால் யாருக்கும் அடி இல்லை. நாதஸ்வரக்காரர் ஒரு விநாடி தடுமாறி, பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று கெட்டிமேளம் வாசித்தார்.

முதலில் பேசியவர் சிவானந்தம். முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளை. எங்கள் எல்லோருடைய தொப்பிகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் அண்ணாந்து பார்த்ததில் தொப்பிகள் பின்பக்கம் சாய்ந்து தப்பித்துக்கொண்டிருந்தன.

"தொப்பிகளில் ஒரு சொட்டுகூடப் படவில்லை," என்றார் உணர்ச்சியோடு. "முழுப் பாதுகாப்பு."

கேடயம் கொடுக்கப்பட்டது. எல்லோரும் கைதட்டினோம். தட்டத் தட்ட மஞ்சள் தெறித்தது.

வாசு இறங்கி வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "அக்கா, நான் கத்துனேனே லா."

"கத்துனடா. காதுலயும் விழுந்துச்சு." அம்சவள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்னையத்தான் மரியாதையா கூப்பிடுறன்னு நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. நேராக சிவானந்தத்திடம் போனாள்.

"சார், இந்தத் தலைவி வேலை எனக்கு வேணாம். பட்டைய எடுத்துக்குங்க. தொப்பிய மட்டும் வச்சிக்கிறேன்."

"பதவி இல்லாதவருக்குத் தொப்பி கிடையாது அம்மா. வாசகம் இருக்கிறதே."

அம்சவள்ளி மேலே சாரத்தைப் பார்த்தாள், வாசுவின் கையைப் பார்த்தாள். கழற்றிய பட்டையை மறுபடியும் குத்திக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நானும் என் பட்டையைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

தலைமை இயக்குநர் கெட்டிக்காரர். காருக்குள் ஏறுவதற்கு முன் ஒன்றைக் கவனித்துவிட்டார். கீழே இத்தனை பேர் நின்ற இடத்தில் ஒரே ஒரு உயிர்தான் மஞ்சளாகாமல் இருந்தது. அது கொட்டகை வாசலில் உட்கார்ந்து உண்ணி சொறிந்துகொண்டிருந்தது. முறையான பயிற்சி பெற்றிருப்பது இந்த ஒன்றுதான் என்றும், இதைக் கொண்டே மற்றவர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். அம்பிகைபாகன் மகிழ்ச்சியில் கண் கலங்கினார். அரசாங்கத்தில் இப்படி ஓர் உண்மையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆனால் பதவி இல்லாமல் யாரும் பயிற்சி அளிக்க முடியாது அல்லவா? டைகரைப் பயிற்சித் தலைவராக நியமித்தார்கள். நெஞ்சில் பட்டை குத்த இடமில்லாததால் கழுத்தில் கட்டினார்கள். பெட்டியில் மிச்சமிருந்த சின்னத் தொப்பி ஒன்றை அம்சவள்ளியே காதுக்குப் பின்னால் நாடா போட்டு மாட்டிவிட்டாள். டைகருக்கு மேடையில் நாற்காலி. தினமும் காலையில் சிவானந்தம் அதற்கு முன்னால் வளைவார். பானத் தலைவர் பால் ஊற்றுவார். போகிறவர் வருகிறவர் எல்லாம் "வணக்கம் தலை," என்று தட்டிக்கொடுப்பார்கள். டைகருக்கு விலா எலும்பு மறைந்து தொந்தி வைத்தது.

எல்லாம் தயாரானதும் செய்முறை விளக்கத்துக்கு நாள் குறித்தார்கள். நாங்கள் அனைவரும் கூடாரத்தில் உட்கார்ந்தோம். சாரத்திலிருந்து வாசு ஒரு காலி வாளியைக் கீழே போட வேண்டும், டைகர் ஓட வேண்டும், நாங்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அம்சவள்ளிக்கு நிஜமாகவே இருந்தது. முன்னால் வந்து உட்கார்ந்து டைகரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலை!" என்று வாசு கத்தினான்.

டைகர் எழுந்தது. கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தது. பிறகு தொப்பியோடு தலையை நிமிர்த்தி, மேலே அண்ணாந்து, வாலை ஆட்டியது. வாளி அதற்குப் பக்கத்தில் விழுந்து உருண்டது. அது அசையவில்லை.

நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம்.

"போச்சு லா," என்றாள் அம்சவள்ளி. "இதுவும் நம்மள்ல ஒண்ணாயிருச்சு."

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் படார் படாரென்று தலையில் அடித்துக்கொண்டாள். தொப்பி இருந்ததால் வலிக்கவில்லை.